ஃபார்ம் 700 ஆன்லைனுக்கு வந்தாச்சு, அதை இனிமே யாராவது படிக்கணும்

ஏப்ரல் 1 நெருங்கினா கலிஃபோர்னியாவுல மேயர், சிட்டி கவுன்சில் மெம்பர், பிளானிங் கமிஷனர், கவுன்ட்டி சூப்பர்வைசர், சிட்டி மேனேஜர்னு உள்ளாட்சில முடிவெடுக்குற இடத்துல இருக்குற எல்லாருக்கும் ஒரே வேலைதான், ஃபார்ம் 700. போன ஜனவரி 1லேந்து டிசம்பர் 31 வரைக்கும் நமக்கு எந்தக் கம்பெனில ஷேர் இருந்துச்சு, எங்க நிலம் இருந்துச்சு, யார்கிட்டேந்து வருமானம் வந்துச்சு, யார் பரிசு குடுத்தாங்க, யார் செலவுல ஊருக்குப் போனோம்னு எழுதி, பொய் சொன்னா அது சத்தியத்தை மீறின குற்றம்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். நான் எங்க ஊர் பிளானிங் கமிஷன்ல, அதாவது ஊர்ல எங்க என்ன கட்டலாம்னு பாக்குற குழுவுல, வாலன்டியரா இருக்கேன், பகல்ல சாஃப்ட்வேர் வேலை, சாயந்தரம் மீட்டிங், அதனால நானும் வருஷா வருஷம் இதைப் போடுறவன்தான். தமிழ்ல இதைப்பத்தி யாரும் எழுதிப் பாக்கல, ஆனா பே ஏரியாவுல நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்போ கமிஷன், கவுன்சில், ஸ்கூல் போர்டுன்னு வர ஆரம்பிச்சிருக்காங்க, வராதவங்களும் அவங்களுக்கு ஓட்டுப் போடுறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன்.

விஷயம் என்னன்னா, 2023ல பாஸ் ஆன ஏபி 1170ன்னு ஒரு சட்டத்தால 2025 ஜனவரி 1லேந்து என்னை மாதிரி ஆளுங்க இந்தப் படிவத்தைப் பேப்பர்ல குடுக்க முடியாது, ஆன்லைன்லதான் போடணும், அதுவும் நேரா மாநில அளவுல இருக்குற எஃப்பிபிசிகிட்டயே போடணும். எஃப்பிபிசின்னா தேர்தல் பணம், அதிகாரிங்களோட சொந்த லாபம் இதையெல்லாம் கண்காணிக்கிற அஞ்சு பேர் கொண்ட கமிஷன், சாக்ரமென்டோல இருக்கு.

அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு சொன்னாத்தான் இதோட அருமை புரியும். பேப்பரைப் பிரின்ட் எடுத்து, பேனாவுல கையெழுத்துப் போட்டு, சிட்டி கிளார்க் ஆபீஸ்ல குடுக்கணும். அவங்க தேதி சீல் குத்தி, ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டு, ஒரிஜினலை சாக்ரமென்டோவுக்குத் தபால்ல அனுப்புவாங்க. அங்க அது ஒரு ஃபைல்ல போய் உக்காரும், இங்க காப்பி இன்னொரு ஃபைல்ல உக்காரும். பொதுமக்கள் யார் வேணும்னாலும் பாக்கலாம்னு சட்டம் அப்பவே சொல்லுது, ரொம்ப நல்ல சட்டம்ங்க அது, வேலை நேரத்துல போய்க் கேட்டா காட்டியே ஆகணும், படிவம் வந்து சேர்ந்த ரெண்டாவது வேலை நாளுக்குள்ள பாக்குற மாதிரி இருக்கணும், உங்க பேர் என்ன எதுக்குக் கேக்குறீங்கன்னு கேக்கக் கூடாது, காப்பிக்குப் பக்கத்துக்குப் பத்து சென்ட்டுக்கு மேல வாங்கக் கூடாது. ஆனா நடைமுறைல யார் போய்க் கேப்பா? வேலை நேரம்னா நம்மளும் வேலைக்குப் போற நேரம். அது போக சின்ன ஊர்ல கவுன்ட்டர்ல நின்னு மேயரோட ஃபார்ம் குடுங்கன்னு கேட்டா, பேர் கேக்கலேன்னாலும் அங்க இருக்குறவங்களுக்கு உங்க முகம் தெரியும், மேயருக்கும் உங்க முகம் தெரியும். வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் கட்ட பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணிட்டுக் காத்திருக்கிற ஆள் அந்தக் கவுன்ட்டர்ல போய் அந்தக் கேள்வியைக் கேக்கவே மாட்டார். வீட்ல உக்காந்து ராத்திரி பத்து மணிக்கு ஸ்கிரீன்ல பாக்குறதுன்னா பாப்பார். ஆன்லைனோட முதல் லாபம் இதுதான்னு நான் நினைக்கிறேன், பேப்பர் மிச்சம், ஸ்டாம்ப் மிச்சம்னு சொல்றதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இந்தச் சட்டத்தோட வேர் வாட்டர்கேட் காலத்துல இருக்கு. 1974 ஜூன்ல, அந்த ஊழல்ல மாட்டின ஜனாதிபதி நிக்ஸன் இன்னும் பதவில இருந்தப்பவே, கலிஃபோர்னியா மக்கள் ப்ரொபசிஷன் 9ன்னு ஒண்ணுக்கு நேரடியா ஓட்டுப் போட்டு, சுமார் 70 சதவீதம் ஆதரவோட, பொலிட்டிகல் ரிஃபார்ம் ஆக்ட்டைக் கொண்டு வந்தாங்க. அப்போ மாநிலத்துல தேர்தலைக் கவனிக்கிற செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டா இருந்த ஜெர்ரி பிரவுன் அதுக்குப் பெரிய ஆதரவு, அந்த வருஷக் கடைசிலயே அவர் கவர்னராவும் ஜெயிச்சார். எஃப்பிபிசியும் இந்தப் படிவமும் அந்த ஓட்டுலேந்து பொறந்ததுதான். மக்களே போட்ட சட்டம், சட்டசபை பெரிய மனசு பண்ணிக் குடுத்ததில்ல, அதனாலயே எனக்கு இதுமேல ஒரு மரியாதை உண்டு. ஆனா பேப்பர் மட்டும் அடுத்த அம்பது வருஷம் அப்படியே ஓடுச்சு, 2012ல ஒரு சட்டம் வந்து விருப்பப்பட்ட ஊருங்க எலக்ட்ரானிக்கா வாங்கிக்கலாம்னு சொல்லுச்சு, பெரிய ஊருங்க சில பேர் மாறினாங்க, மத்த நிறைய இடத்துல பேப்பரே ஓடுச்சு.

சரி, படிவம் என்னதான் கேக்குது. நம்ம ஊர்லேந்து வந்தவங்க இதைக் கேட்டதும் தேர்தல்ல வேட்புமனுவோட குடுக்குற சொத்து விவரத்தைத்தான் நினைச்சுக்குவாங்க, பேங்க்ல எவ்வளவு, நகை எத்தனை பவுன், கார் என்ன மாடல்னு. இது அப்படி இல்ல. உங்ககிட்ட எவ்வளவு இருக்குங்கறது இதுக்கு முக்கியமில்ல, நீங்க எடுக்குற முடிவால உங்க பாக்கெட்டுக்கு ஏதாவது வருமா போகுமாங்கறதுதான் முக்கியம். அதனால பேங்க் டெபாசிட் காட்ட வேண்டாம், பரவலான மியூச்சுவல் ஃபண்ட் காட்ட வேண்டாம், இன்சூரன்ஸ் பாலிசி வேண்டாம், அரசாங்க பாண்ட் வேண்டாம், நீங்க குடியிருக்குற சொந்த வீடும் வேண்டாம், ஆனா அந்த வீட்ல ஒரு ரூமை வாடகைக்கு விட்டா காட்டணும். தனித்தனி கம்பெனி ஷேர் 2,000 டாலரைத் தொட்டா, அந்தக் கம்பெனிக்கு நம்ம ஊரோட தொழில் தொடர்பு இருந்தா, படிவத்துல ஷெட்யூல் ஏ-1ங்கற பகுதில வரும். நம்ம ஐடி ஆளுங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா கம்பெனில குடுத்த ஷேர் கைக்கு வந்து அப்படியே அக்கவுன்ட்ல கிடக்கும், அதை முதலீடுன்னே நினைக்க மாட்டோம், ஆனா அதே கம்பெனி நாளைக்கு நம்ம ஊர்ல ஒரு டேட்டா சென்டர் கட்ட மனு போட்டா நம்ம முன்னாடிதான் வரும்.

வேளச்சேரில இருக்குற ஃப்ளாட்டைக் காட்டணுமான்னு ஒருத்தர் கேட்டார். வேண்டாம். நிலம் நம்ம ஊர் எல்லைக்குள்ளயோ எல்லைலேந்து ரெண்டு மைலுக்குள்ளயோ இருந்தாத்தான் ஷெட்யூல் பி, வேளச்சேரி ஃப்ளாட்டால ஃப்ரீமான்ட் கமிஷன்ல யாரும் எந்த லாபமும் பாக்க முடியாது. ஆனா பக்கத்துத் தெருல வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டைக் கண்டிப்பா காட்டணும், அட்ரஸோட, அதுல வாடகைக்கு இருக்குறவர் வருஷத்துக்கு 10,000 டாலரோ அதுக்கு மேலயோ குடுத்தா அவர் பேரையும் சேர்த்து. இங்க வாடகை இருக்குற நிலைமைல எல்லா வாடகைக்காரரும் அந்த அளவைத் தாண்டிருவாங்க.

பரிசு விஷயத்துல நம்ம ஆளுங்க தேவையில்லாம பயப்படுறாங்க. சித்தப்பா போட்ட செயின், மாமியார் குடுத்த பட்டுப்புடவை, அத்தை பொண்ணு கல்யாணத்துல குடுத்த வெள்ளிக் குத்துவிளக்கு எதுவும் கணக்குல வராது, நெருங்கின சொந்தம் குடுக்குறது பரிசுங்கற வரையறைக்கே வெளிய, சொந்தக்காரர் வேற யாருக்காகவோ கை மாத்திக் குடுக்கலேன்னா போதும். ஒருத்தர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, அவரும் கூட உக்காந்து, தீபாவளி சாப்பாடு போட்டா அதுவும் வராது. ஆனா அதே நண்பர் ரியல் எஸ்டேட் டெவலப்பரா இருந்து, தமிழ்ச்சங்க விழாவுக்கு முன்வரிசை டிக்கெட் எடுத்துக் குடுத்தா அது பரிசுதான், ஒரு வருஷத்துல ஒரே ஆள்கிட்டேந்து மொத்தம் 50 டாலரைத் தொட்டா ஷெட்யூல் டில எழுதணும், 2025லயும் 2026லயும் 630 டாலருக்கு மேல வாங்கவே கூடாது. உபயோகிக்காம 30 நாளைக்குள்ள திருப்பிக் குடுத்துட்டா கணக்குல வராது. நம்ம சமூகத்துல குடுக்குறதும் வாங்குறதும் அன்போட நடக்குறது, வேண்டாம்னு சொன்னா மனசு நோகும், அதனால இந்த விதிகளை முதல்லயே தெரிஞ்சு வெச்சிருந்தா, மன்னிச்சுக்கங்க எனக்கு ஃபார்ம் 700 இருக்குன்னு சொல்லிரலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, நான் சொல்லியிருக்கேன்.

வருமானம் 500 டாலரோ அதுக்கு மேலயோ யார் குடுத்தாலும் ஷெட்யூல் சி. வீட்டுக்காரம்மா சம்பளத்துலயும் பாதி நம்ம வருமானமாத்தான் எடுத்துக்குவாங்க, கலிஃபோர்னியாவுல குடும்பச் சொத்து ரெண்டு பேருக்கும் பொதுங்கறதால. ஆனா சரியான தொகை கேக்க மாட்டாங்க, எந்த அளவுக்குள்ள வருதுன்னு ஒரு கட்டத்துல டிக் பண்ணணும் அவ்வளவுதான், மேல்கட்டம் வருமானத்துக்கு 1,00,000 டாலருக்கு மேல, சொத்துக்கு 10,00,000 டாலருக்கு மேல. அதனால பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்க சம்பளம் தெரிஞ்சுரும்னு பயம் வேண்டாம், எங்கேந்து வருதுங்கறது தெரியும், எவ்வளவுங்கறது தெரியாது. இதை நான் ரொம்ப சரியான அமைப்புன்னு நினைக்கிறேன், ஏன்னு ஃப்ளோரிடா கதை வரும்போது சொல்றேன்.

இப்போ இந்தப் படிவத்தோட உண்மையான பயன் எங்க வருதுன்னு பாருங்க. பிளானிங் கமிஷன்ல ஒரு அடுக்குமாடிக் கட்டடம் வருது, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு டேகேர் வருது. அந்த இடத்துலேந்து 500 அடிக்குள்ள என் நிலம் இருந்தா, என் நிலத்தோட மதிப்புல இந்த முடிவு கைவைக்கும்னு விதி தானாவே எடுத்துக்கும், 500லேந்து 1,000 அடி வரைக்கும் இருந்தா நிலைமையைப் பாத்து முடிவு பண்ணணும். 500 அடிக்குள்ளன்னா நான் அந்த ஐட்டம் வரும்போது எழுந்து, எனக்கு இந்த இடத்துல இன்ன நிலம் இருக்கு அதனால நான் ஒதுங்குறேன்னு மைக்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு, ரூமை விட்டு வெளிய போகணும், சும்மா ஓட்டுப் போடாம உக்காந்திருந்தா போதாது. என் சொந்த வீடு விஷயமா பேசணும்னா, பொதுமக்கள்ல ஒருத்தரா நின்னு மூணு நிமிஷம் பேசலாம், அவ்வளவுதான்.

இதைச் சரியா பண்றதுக்கு மனசு சுத்தமா இருந்தா மட்டும் போதாது, ஞாபகமும் வேணும். மீட்டிங்குக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அஜெண்டா கைக்கு வரும், இருநூறு முன்னூறு பக்கம் இருக்கும், வாரக்கடைசில பசங்களோட டான்ஸ் கிளாஸ், சாக்கர், தமிழ்ப் பள்ளிக்கு நடுவுல படிக்கணும். நேர்மையான ஆள்கூட தன் மனைவியோட கூட்டு முதலீட்ல ஒரு சின்ன கடைத்தெருல பங்கு இருக்கறதை யோசிக்காம ஓட்டுப் போட்டுருவாங்க, அப்புறம் யாரோ கண்டுபிடிச்சு எஃப்பிபிசிக்குப் புகார் போயி, ஒரு மீறலுக்கு 5,000 டாலர் வரைக்கும் அபராதம், பேர் கெட்டுப் போறது வேற. பேப்பர் காலத்துல இதைத் தடுக்க ஒரு வழியும் இல்ல. டேட்டாவா இருந்தா வழி இருக்கு. எல்லாரோட ஷெட்யூல் பி அட்ரஸும் ஒரு பக்கம், அஜெண்டாவுல வர இடங்களோட அட்ரஸ் ஒரு பக்கம், ஊரோட மேப் சாஃப்ட்வேர்ல ஏற்கனவே எல்லா மனையும் இருக்கு, ஒவ்வொரு இடத்தைச் சுத்தியும் ஒரு 1,000 அடி வட்டம் போட்டு, யாரோட நிலம் உள்ள விழுதுன்னு பாத்து, வெள்ளிக்கிழமை அஜெண்டாவோட சேர்த்து அந்த ஆளுக்கு மட்டும் ஒரு மெயில் போகலாம், இந்த ஐட்டத்துல நீங்க சிட்டி அட்டர்னிகிட்டப் பேசிருங்கன்னு. இதுல ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லைங்க, நான் பகல்ல பாக்குற வேலைல இதைவிடப் பத்து மடங்கு சிக்கலான விஷயத்தைப் பசங்க ஒரு வாரத்துல எழுதுறாங்க. பெர்மிட்டுக்கு மனு போட்டா சுத்தி இருக்குற வீடுகளுக்கு நோட்டீஸ் அனுப்ப இதே வட்டத்தை ஊர் ஆபீஸ்ல ஏற்கனவே போடுறாங்க, அதே வட்டத்தை நம்ம பக்கம் திருப்பணும் அவ்வளவுதான்.

நான் சொல்ல வர்றது இதுதான். இந்தப் படிவம் ஓட்டு நடக்குற அன்னைக்கு யாராவது படிச்சாத்தான் அதுக்கு மதிப்பு. ஏப்ரல்ல வாங்கி வெச்சுட்டு, அடுத்த வருஷம் ஏதோ ஊழல் வெடிச்சதும் நிருபர் ஒருத்தர் தோண்டி எடுத்து, பாருங்க இதுல எழுதவே இல்லைன்னு போடுறதுக்கா இவ்வளவு சட்டம்? பேப்பர்ல படிக்கறது கஷ்டம், எலக்ட்ரானிக்ல சுலபம், அதனால எலக்ட்ரானிக் நல்லது. ஆனா எலக்ட்ரானிக்கா வாங்கி பிடிஎஃப்பா தூக்கிப் போட்டுட்டு வேலை முடிஞ்சுதுன்னு உக்காந்தா, ஃபைல் அலமாரி கம்ப்யூட்டருக்குள்ள மாறிருக்கு, அவ்வளவுதான்.

திருடுறவன் ஆன்லைன்லயும் பொய்தானே எழுதுவான்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்சில் மெம்பரா இருந்த ஹோசே ஹுய்சார் வீட்ல 2018ல எஃப்பிஐ போய்த் தேடினப்போ 1,29,000 டாலர் ரொக்கமா இருந்துச்சு, ஒரு பெரிய டெவலப்பர்கிட்ட கேசினோ சிப்பு, ஃப்ளைட், ஹோட்டல்னு வாங்கியிருந்தார், அவர் அப்போ கவுன்சில்ல நிலம் கட்டடம் சம்பந்தப்பட்ட கமிட்டிக்குத் தலைவர். 2024 ஜனவரில 13 வருஷ ஜெயில் தண்டனை குடுத்தாங்க. சான் ஃப்ரான்சிஸ்கோல பொதுப்பணித்துறைத் தலைவரா இருந்த முகமது நுரு 2020 ஜனவரில கைதாகி, 2022ல 7 வருஷம் தண்டனை வாங்கினார். இவங்க யாரும் இன்ன ஆள் எனக்கு இதைக் குடுத்தார்னு ஆன்லைன்ல டைப் பண்ணியிருக்க மாட்டாங்க, ஒத்துக்கிறேன். ஆனா அதே சான் ஃப்ரான்சிஸ்கோல கட்டட ஆய்வுத் துறையோட சீனியர் இன்ஸ்பெக்டர் ஒருத்தர், தான் ஆய்வு பண்ற கட்டடங்களோட தொடர்புள்ள டெவலப்பர்கிட்ட பெரிய கடன் வாங்கிட்டு அதைப் படிவத்துல காட்டாம விட்டது ஒரு விசாரணையோட முக்கிய இழையா மாறுச்சு. படிவம் திருடனைத் திருத்தாது, ஆனா காட்டாம மறைச்சதே தனிக் குற்றமாகுது, லஞ்சத்தை நிரூபிக்கறதுக்கு முன்னாடி மறைச்சதை நிரூபிச்சுரலாம், அதுலேந்து மத்தது அவிழும். அந்த ஊர்ல இந்த அலைக்கு அப்புறம்தான், 2022லேந்து, மேல இருக்குற தலைவருங்க மட்டுமில்லாம கீழ இருக்குற ஆயிரக்கணக்கான ஊழியருங்களும் எதிக்ஸ் கமிஷன்கிட்ட ஆன்லைன்லயே போடணும்னு ஆச்சு.

படிவத்தால பிடிக்கவே முடியாதது ஒண்ணும் இருக்கு, அதையும் சொல்லணும். 2010ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல பெல்னு ஒரு சின்ன ஏழை ஊர், அங்க சிட்டி மேனேஜர் ராபர்ட் ரிஸோ வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 8,00,000 டாலர் சம்பளம் வாங்கினது வெளிய வந்துச்சு, அமெரிக்க ஜனாதிபதி சம்பளமே 4,00,000தான். ஃபார்ம் 700 எவ்வளவு ஒழுங்கா நிரப்பினாலும் இது தெரிஞ்சிருக்காது, ஏன்னா அரசாங்கச் சம்பளம் அதுல காட்ட வேண்டியதில்ல. அதுக்கு மருந்து வேற மாதிரி வந்துச்சு, மாநிலக் கன்ட்ரோலர் ஜான் சியாங் எல்லா ஊரும் சம்பள விவரத்தை அனுப்பணும்னு சொல்லி, அதையெல்லாம் ஒரே வெப்சைட்ல போட்டார், இன்னைக்கும் யார் வேணும்னாலும் தன் ஊர்ல யாருக்கு எவ்வளவுன்னு தேடலாம், பக்கத்து ஊரோட ஒப்பிடலாம், மொத்தமா டவுன்லோடும் பண்ணலாம். எல்லாப் பத்திரிகையும் அதைப் பயன்படுத்துது. தேடுற மாதிரி, ஒப்பிடுற மாதிரி போட்டா மக்கள் படிக்கிறாங்கங்கறதுக்கு இதைவிட நல்ல சாட்சி நம்ம மாநிலத்துலயே வேற வேண்டாம்.

இப்போ ஃப்ளோரிடா. அங்க 1976ல கவர்னர் ரூபின் ஆஸ்க்யூ முன்னாடி நின்னு சன்ஷைன் அமெண்ட்மென்ட்னு அரசியல் சாசனத்துலயே வெளிப்படைத்தன்மையைச் சேர்த்தாங்க, அந்த விஷயத்துல நம்ம கலிஃபோர்னியாவோட கூடப்பொறந்த மாதிரி. அங்க ரெண்டு படிவம், ஃபார்ம் 1 லேசானது, எங்கேந்து வருமானம்னு சொன்னா போதும். ஃபார்ம் 6 கனமானது, மொத்த நிகர சொத்து மதிப்பு எவ்வளவுன்னு டாலர் கணக்குல எழுதணும், 1,000 டாலருக்கு மேல இருக்குற ஒவ்வொரு சொத்தும் ஒவ்வொரு கடனும் தொகையோட எழுதணும். கவர்னர், சட்டசபை உறுப்பினர், கவுன்ட்டி கமிஷனர் இவங்களுக்கு ஃபார்ம் 6, சிட்டி கவுன்சில்காரங்களுக்கு ஃபார்ம் 1ன்னு ரொம்ப காலமா ஓடுச்சு, ஃபார்ம் 1ஐ அந்தந்தக் கவுன்ட்டியோட தேர்தல் ஆபீஸ்ல பேப்பர்ல குடுத்துருவாங்க. 2023லேந்து ஃபார்ம் 6, 2024லேந்து ஃபார்ம் 1, ரெண்டும் மாநில எதிக்ஸ் கமிஷனோட ஆன்லைன் சிஸ்டத்துல கட்டாயம்னு ஆச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். அதே நேரத்துல இன்னொரு சட்டம் போட்டு, 2024 ஜனவரிலேந்து எல்லா மேயரும் கவுன்சில் மெம்பரும் ஃபார்ம் 6தான் போடணும்னுட்டாங்க.

என்ன ஆச்சு? 2023 டிசம்பர் முடியுறதுக்குள்ள நூத்துக்கும் மேல ஊர்க் கவுன்சில்காரங்க பதவியை விட்டுப் போயிட்டாங்க. சின்னச் சின்ன ஊர், சம்பளம் இல்லாத இல்லேன்னா பேருக்குச் சம்பளம் இருக்குற கவுன்சில், ரிட்டயர் ஆன டீச்சர், கடை வெச்சிருக்கறவர், இவங்கதான். தன் ரிட்டயர்மென்ட் சேமிப்பு எவ்வளவு, பிள்ளைக்காக வாங்கின கடன் எவ்வளவுன்னு உலகத்துல யார் வேணும்னாலும் வெப்சைட்ல பாக்கலாம்னா, ஊருக்கு உழைக்க வந்ததுக்கு இதுவான்னு அவங்களுக்குத் தோணியிருக்கும், எனக்கு அது புரியுது. பிரைனி ப்ரீஸஸ்னு கடலோரத்துல சில நூறு பேர் வாழுற ஒரு குட்டி ஊர், மொபைல் ஹோம் ஊர்தான், அதோட பேர்ல இருபதுக்கும் மேல ஊருங்க சேர்ந்து மாநிலக் கோர்ட்ல வழக்குப் போட்டாங்க, கவுன்சில்காரங்க பல பேர் சேர்ந்து ஃபெடரல் கோர்ட்ல தனியா ஒரு வழக்குப் போட்டாங்க. அந்த ஃபெடரல் வழக்குல 2024 ஜூன்ல நீதிபதி மெலிஸா டேமியன், இது பேச்சுரிமைக்கு எதிரா ஆளுங்களை வற்புறுத்திப் பேச வைக்கிற மாதிரி இருக்குன்னு சொல்லி இடைக்காலத் தடை போட்டார், கவுன்சில்காரங்க திரும்ப ஃபார்ம் 1க்கு வந்தாங்க.

இதுலேந்து சில பேர் ஆன்லைன்ல போட்டதுதான் தப்புன்னு சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். தப்பு கேள்வில இருக்கு. ஊர் கவுன்சில்ல ஒருத்தர் எடுக்குற முடிவுக்கும் அவரோட மொத்த சொத்து மதிப்புக்கும் சம்பந்தம் இல்ல, அவர் நிலம் எங்க இருக்கு, யார்கிட்ட வேலை பாக்குறார்ங்கறதுக்குத்தான் சம்பந்தம். கேள்வி பேப்பர்ல இருந்தப்போ யாரும் படிக்காததால தேவையில்லாத கேள்விகூட வலிக்காம ஓடிருச்சு, ஆன்லைன் வந்தா ஒவ்வொரு கேள்வியும் வலிக்கும், அதனால ஒவ்வொண்ணும் அவசியமானதான்னு திரும்ப யோசிக்க வேண்டியிருக்கு. கலிஃபோர்னியா படிவத்துல கட்டம் போட்ட அளவுகள் இருக்குறதும், குடியிருக்குற வீட்டைக் கேக்காததும், வெப்சைட்ல போடும்போது கையெழுத்து, வீட்டு அட்ரஸ், போன் நம்பர் இதையெல்லாம் மறைக்கச் சொல்றதும் அதனாலதான் எனக்குப் பெருசாத் தெரியுது. எங்க கமிஷன்ல ஒரு அம்மா இருக்காங்க, ஒரு கட்டட மனுவை எதிர்த்து ஓட்டுப் போட்டதுக்கு மிரட்டல் மெயில் வந்துச்சு அவங்களுக்கு, அவங்க வீட்டு அட்ரஸ் ஸ்கிரீன்ல வந்திருந்தா அடுத்த டெர்முக்கு இருந்திருக்கவே மாட்டாங்க.

இப்போ குறை என்னன்னு சொல்லிடுறேன். முதல்ல, ஏபி 1170 மேல்தட்டுக்கு மட்டும்தான். மேயர், கவுன்சில், பிளானிங் கமிஷன், சிட்டி மேனேஜர், சிட்டி அட்டர்னி, ட்ரெஷரர், இந்த மாதிரி ஆளுங்க. நிஜத்துல காசு கைமாறுற வாய்ப்பு அதிகமா இருக்குற இடம் இன்னும் கீழ, கட்டட இன்ஸ்பெக்டர், கான்ட்ராக்ட் பாக்குற ஆபீஸர், கொள்முதல் மேனேஜர். அவங்களும் ஃபார்ம் 700 போடுறாங்க, ஆனா ஊரோட சொந்த விதிப்படி ஊர்ல குடுக்குறாங்க, அந்த ஊர் பேப்பர்ல வாங்கினா பேப்பர்தான். ஊர் மட்டுமில்ல, தண்ணி, சுடுகாடு, கொசு ஒழிப்பு, தீயணைப்புன்னு ஒவ்வொரு சேவைக்குன்னே தனியா இருக்குற உள்ளாட்சி அமைப்புங்க, ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட்னு சொல்லுவாங்க, 2,000க்கும் மேல இந்த மாநிலத்துல இருக்கு, சிலதுல ஒரே ஒரு ஊழியர்தான் இருப்பாங்க, அவங்களே கிளார்க், அவங்களே அக்கவுன்டன்ட். அவங்ககிட்டப் போய் சாஃப்ட்வேர் வாங்குங்கன்னு சொல்றது நியாயமில்ல, மாநிலமே தன் சிஸ்டத்தைத் திறந்து இலவசமா குடுக்கணும். இப்போ எஃப்பிபிசிகிட்ட ஒரு சிஸ்டம் இருக்கு, அதுல நான் போடலாம், என் ஃபைலைப் பாக்குற பிளானிங் ஆபீஸர் போட முடியாது, இதுல எந்த அர்த்தமும் இல்ல.

ரெண்டாவது, படிக்கிற ஆள். ஊர்ல வர படிவத்துல லேட்டா வர்றதை முழுசா பாக்கணும், நேரத்துக்கு வர்றதுல குறைஞ்சது 20 சதவீதத்தை முழுசா பாக்கணும்னு விதி, மத்ததை மேலோட்டமா, கையெழுத்து இருக்கா, பக்கம் விட்டுப்போச்சான்னு பாத்தா போதும். பேப்பர் காலத்துல ஒரு கிளார்க்கால அவ்வளவுதான் முடியும், சரி. இப்போ விட்டுப்போன கட்டம், மொத்தம் தப்பான பரிசு, போன வருஷம் இருந்து இந்த வருஷம் வித்ததாவும் சொல்லாம காணாமப் போன நிலம், இதையெல்லாம் சிஸ்டமே சமர்ப்பிக்கறதுக்கு முன்னாடி கேட்டுரும், அப்போ கிளார்க்கோட நேரம் மிச்சமாகுது, அந்த நேரத்தை நான் மேல சொன்ன அஜெண்டா வேலைக்குத் திருப்பணும். லேட்டானா ஒரு நாளைக்கு 10 டாலர், அதிகபட்சம் 100 டாலர் அபராதம், அதை வசூல் பண்ற கடிதம் எழுதுறதுலயே ஏப்ரல் மாசம் போகுதுன்னு ஒரு கிளார்க் சொன்னாங்க, அந்த நினைவூட்டல் எல்லாம் இப்போ தானா போகும்.

போடுற ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. போன வருஷத்தது அப்படியே வந்து நிக்கும், ரொம்ப வசதி, ஆனா அப்படியே அமுக்கிட்டுப் போகாதீங்க, ஒவ்வொரு வரியையும் வீட்ல உக்காந்து வாழ்க்கைத்துணையோட சேர்ந்து பாருங்க, பாதி விஷயம் அவங்க பேர்லதான் இருக்கும். வயசான கமிஷனர் யாராவது கம்ப்யூட்டரைக் கண்டு தயங்கினா பக்கத்துல உக்காந்து உதவி பண்ணுங்க, ஆனா கடைசி பட்டனை அவங்களே அமுக்கணும், ஏன்னா சத்தியம் அவங்களோடது.

படிக்கிறவங்களுக்கு, எங்கேந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலேன்னா உங்க கவுன்சில் மெம்பரோட ஷெட்யூல் பிலேந்து ஆரம்பிங்க. எஃப்பிபிசி தளத்துல பேர் போட்டுத் தேடினா வரும். அதுல இருக்குற அட்ரஸை எடுத்துக்கிட்டு அடுத்த மீட்டிங் அஜெண்டாவைத் திறந்து, எதுவும் பக்கத்துல வருதான்னு மேப்ல பாருங்க. வந்தா கவுன்சில் மெம்பருக்கே மரியாதையா ஒரு மெயில் போடுங்க, பெரும்பாலும் நன்றிதான் சொல்லுவாங்க. இன்ஸ்பெக்டர், ஆபீஸர் மாதிரி ஊழியருங்களோடது அந்தத் தளத்துல இருக்காது, சிட்டி கிளார்க்குக்கு எழுதுங்க, எதுக்குன்னு காரணம் சொல்ல வேண்டியதில்ல. அஞ்சு வருஷத்துக்கு முந்தினது கேட்டா மட்டும் தேடி எடுக்குறதுக்கு 5 டாலர் வரைக்கும் வாங்குவாங்க. எங்க ஊர்ல இந்த வருஷ பட்ஜெட் பேச்சு ஆரம்பிக்கும்போது, ஊழியர் படிவத்தையும் ஆன்லைனுக்குக் கொண்டு வரணும், அஜெண்டாவோட 1,000 அடி வட்டத்தைப் பொருத்தணும்னு கேக்கப் போறேன். அதுக்கு எழுதின கடிதம் ரெடியா இருக்கு, உங்க ஊருக்கு மாத்திப் போட வேணும்னா கமென்ட்ல சொல்லுங்க, அனுப்புறேன்.